அம்மியின் மறுபாதி

அத்தியாயம் ஒன்பது

சாவி கையில் இல்லாத டிரைவருக்கு யார்டில் நிற்க இடம் கிடையாது. ஆபீஸ் பக்கம் நின்றால் கோள் சொல்ல வந்தவன் என்பார்கள். லாரிப் பக்கம் போனால் வாட்ச்மேன் முறைப்பான். அதனால் முத்துவேல் திங்கட்கிழமையிலிருந்து தேயிலைப் பெட்டி சுமந்துகொண்டிருந்தான். இன்று வெள்ளி. தோள்பட்டையில் தோல் உரிந்திருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். நடந்தது இவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் குட்ஸ் ஷெட்டுக்கு விடியற்காலையில் மூன்று லாரிகள் இறங்கின. முதலில் போனவன் பரமசிவன், முத்துவேலின் பெண்டாட்டி தெய்வம்மாவுக்குத் தம்பி. ரொம்பத் தள்ளி முத்துவேல். அவனை ஒட்டியே ஆறுக்குட்டி. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் ஆறுக்குட்டியின் லாரி சிறுபாலத்துச் சுவரில் மோதியது. வண்டியின் மூக்கு நசுங்கி அவன் இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அங்கே ரோட்டில் ஒரு கல் கிடந்தது. கல்லில் சக்கரம் ஏறிவிட்டது என்று ஆறுக்குட்டி சொன்னான். அது யாருடைய கல் என்று தெரியும்வரை முன்னால் போன இருவரின் சாவியையும் ஆபீஸ் வாங்கி வைத்துக்கொண்டது.

மலை ரோட்டில் லாரியை நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக்கல் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் அது கிளீனர் வேலை. மழை முடிந்த கையோடு கம்பெனி கிளீனர்களை நிறுத்திவிட்டது. போன மாதம் வளைவில் நின்றிருந்த லாரி ஒன்றில் ஜீப் முட்டியதும் புது ஆர்டர் வந்தது. கிளம்பின இடத்திலிருந்து அடிவாரம் வரை நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மெமோ. மூன்று மெமோ வாங்கினால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

முத்துவேலுக்கு ஏற்கனவே இரண்டு மெமோ.

"முத்துவேலு, தொரை கூப்பிடுறாரு."

ஆபீஸ் கூட்டுகிற ராக்கம்மா விளக்குமாறோடு நின்றாள். அவன் பெட்டியை இறக்கி வைத்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அது என்ன கல்லுன்னு தொரைக்கு இன்னும் தெரியலை. மேசையைத் தொடைக்கிறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

முத்துவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"தொரை ஊட்டுல சமையக்காரன்தானே அரைக்கிறான். அவரு எங்க அம்மியைக் கண்டாரு? பேப்பரு பறக்காம இருக்க மேல தூக்கி வெச்சிருக்காரு, பாரு!" சிரிக்க வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "தெரிஞ்சுதுன்னா லயம் லயமா வந்து அம்மியைத்தான் பாப்பாங்க. ஊட்டுல சொல்லி வையி."

துரை லெஸ்லி ஆங்கிலோ இந்தியர். லாரிகளுக்கும் டிரைவர்களுக்கும் அவர்தான் ஆபீசர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். இன்று கோபமாக இல்லை. அதுதான் முத்துவேலுக்குப் பயமாக இருந்தது.

"இதைத் தொட்டுப் பாரு."

கறுப்புக் கல். ஒரு பக்கம் உடைந்த விளிம்பு. மேலே உளியால் கொத்திய சின்னச் சின்னப் பள்ளங்கள். முத்துவேல் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை.

"இது ரோட்டுல கிடக்கிற கல் இல்லை. யாரோ வண்டியில வச்சிருந்த கல். முன்னாடி போனது நீயும் பரமசிவனும்தான்."

"வேற வண்டியும் போயிருக்கும் தொரை. காய்கறி லாரி..."

"அப்படியும் எழுதிப் பார்த்தேன். கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ் ஒத்துக்கலை. அவங்களுக்கு ஒரு பேர் வேணும்." லெஸ்லி நாற்காலியில் சாய்ந்தார். "பேர் கொடுத்தா ஒருத்தன் போவான். கொடுக்கலைன்னா ரெண்டு பேரும் போவீங்க. எனக்கு அதுல சந்தோஷம்னு நினைக்கிறியா?"

"இல்லை தொரை."

"பரமசிவனுக்கு நீதானே ஜவாப்தாரி?"

"ஆமா தொரை."

"நீ சொன்ன ஒரே காரணத்துக்காக அவனை எடுத்தேன். இன்னும் பெர்மனென்ட் ஆகலை." அவர் கல்லை மெல்ல நகர்த்தினார். "ஹெட் டிரைவர் இடம் காலியா இருக்கு. நல்ல ஆளைப் போடணும்னு காத்திருக்கேன். சாயங்காலச் சங்கு ஊதுறதுக்குள்ள வந்து பேசு."

வெளியே வந்தபோது முத்துவேலுக்குக் கால் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பெயரைச் சொன்னால் ஒரு வாசல் திறக்கும். அந்த வாசலுக்குள் தெய்வம்மாவோடு எப்படிப் போவது?

மத்தியானம் காம்பராவுக்குப் போனபோது தெய்வம்மா அம்மியின் முன் உட்கார்ந்து தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். பாதி அம்மி. குழவி ஒவ்வொரு முறையும் விளிம்புவரை போய்த் திரும்பியது.

இலங்கையில், பண்டாரவளைத் தோட்டத்தில் கல்யாணத்தன்று அவள் கால் வைத்த அம்மி அது. கப்பல் ஏறும்போது மற்றவர்கள் தையல் மெஷின், ரேடியோ என்று கட்டினார்கள். அவள் சேலைகளுக்கு நடுவில் அம்மியை வைத்துக் கட்டினாள். "இந்தியாவுல கல்லுக்குப் பஞ்சமா?" என்று லயமே சிரித்தது. ராமேஸ்வரத்தில் போர்ட்டர் பெட்டியைப் போட்ட போடில் அம்மி இரண்டாகிவிட்டது. மண்டபம் கேம்ப்பில் தங்க வைத்த நாட்கள் முழுவதும் இரண்டு துண்டுகளையும் அவள் விடவில்லை. இங்கே வந்ததும் பெரிய துண்டு அடுப்படிக்கு வந்தது. சின்னத் துண்டை முத்துவேல் லாரிக்கு முட்டுக்கல்லாக எடுத்துக்கொண்டான். கம்பெனி கொடுத்த மரக்கட்டை மழையில் வழுக்கும். கொத்து விழுந்த அம்மி வழுக்காது.

பரமசிவன் டிரைவராகச் சேர்ந்த அன்று அந்தத் துண்டை அவனிடம் கொடுத்தது முத்துவேல்தான். அது தெய்வம்மாவுக்குத் தெரியாது.

மூலையில் பரமசிவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

"ராக்கம்மா சொல்லிட்டா" என்றாள் தெய்வம்மா, நிமிராமல். "கொழுந்து நிறுக்கிற எடத்துல அத்தனை பொம்பளைகளுக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அது வேற. நீங்க எனக்குச் சொல்லுங்க. கல்ல எடுக்காம வந்துட்டீங்களா?"

பரமசிவனின் கை நின்றது.

இல்லை என்று சொல்லலாம். அப்ப யாரு என்று அடுத்த கேள்வி வரும். தாய் இறந்த பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"மறந்துட்டேன்" என்றான் முத்துவேல்.

குழவி நின்றது.

"மறந்துட்டீங்களா? ஒரு மனுசனுக்குக் காலு போயிருக்கு. மறந்துட்டேன்னு சாதாரணமா சொல்றீங்க!"

"என்ன சொல்லச் சொல்றே?"

"நான் என்னத்தச் சொல்றது? ஆறுக்குட்டி பொஞ்சாதி மூஞ்சில எப்படி முழிப்பேன்? போன தீவாளிக்கு அவ குடுத்த சட்டையத்தான் நம்ம சின்னது இன்னிக்கும் போட்டுட்டுத் திரியுது." அவள் சம்பலை வழித்துத் தட்டில் போட்டாள். போட்ட வேகத்தில் பாதி தரையில் விழுந்தது. அதை அள்ளவில்லை.

முத்துவேல் சாப்பிடாமல் எழுந்தான். அவன் பின்னாலேயே குழாயடிக்குப் பரமசிவன் ஓடி வந்தான்.

"மச்சான், ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்லணும்?"

"தார்ப்பாய்க் கயிறு அவுந்து ஆடிச்சு மச்சான். பெட்டி சரிஞ்சிடும்னு நிப்பாட்டினேன். யாராவது பாத்துட்டா மெமோ வந்துடும்னு பயம். டெம்பரரிக்கு ஒரு மெமோவே போதும். கட்டின கையோட ஓடி வந்து ஏறிட்டேன். கல்லு நெனப்பே வரலை. நான் போயிச் சொல்லிடறேன்."

"சொன்னா?"

"என்னோட போகட்டும்."

"உன்னோட போகாது. ஜவாப்தாரின்னு கையெழுத்துப் போட்டவன் நான்." முத்துவேல் குழாயைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கல்ல நான் பாத்தேன்."

பரமசிவன் விழித்தான்.

"பனி மிஸ்ட்டுக்குள்ள, லைட்டு வெளிச்சத்துல கெடந்துச்சு. நம்ம அம்மின்னு பாத்ததுமே தெரிஞ்சுது. எறங்கி எடுத்திருக்கணும். நிப்பாட்டினா மூணாவது மெமோ. திரும்பி வர்றப்ப எடுத்துக்கலாம்னு வண்டிய ஒதுக்கிட்டுப் போயிட்டேன்."

இதுவரை தனக்குள்ளேயே அவன் முழுதாகச் சொல்லிப் பார்க்காத வார்த்தைகள் அவை. வெளியே வந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தன.

"நீ வாயத் தொறக்காதே. சங்கு ஊதுறதுக்குள்ள வந்து பேரு சொல்லுன்னு தொரை சொல்லியிருக்காரு. நான் ஆறுக்குட்டியப் பாத்துட்டு வர்றேன். மொதல்ல அவன்கிட்டப் பேசணும்."

"சங்குக்குள்ள வந்துடுவீங்களா?"

"வந்துடுவேன்."

குன்னூர் ஆஸ்பத்திரியில் ஆறுக்குட்டியின் கால் மாவுக்கட்டோடு ஒரு கம்பியில் தொங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி பங்கஜம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முத்துவேலைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்ணா. உக்காருங்க. ஊட்டுல தெய்வம்மாக்கா சௌக்கியமுங்களா?"

அந்த மரியாதை அவனைக் குத்தியது. அவன் உட்கார்ந்தான்.

"பங்கஜம், அண்ணனுக்கு டீ வாங்கிட்டு வா" என்றான் ஆறுக்குட்டி. அவள் தூக்குப்போசியோடு வெளியே போகும்வரை காத்திருந்தான். "ஏனுங்ணா, பொட்டி தூக்க வுட்டுட்டாங்களாமே? உங்களையுமா!"

"அதை விடு. காலு எப்படி இருக்கு?"

"இருக்குதுங்ணா. அது இருக்கறதே பெருசுன்னு டாக்டரு சொல்றாரு. லாரி ஓட்டறதெல்லாம் இனி இல்லீங்க. கிளச்சை எந்தக் கால்ல மிதிக்கிறது?" சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

முத்துவேல் தரையைப் பார்த்தான். "ஆறுக்குட்டி, அந்தக் கல்லு விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"கல்லாலயா ஆச்சுங்க?"

முத்துவேல் நிமிர்ந்தான்.

ஆறுக்குட்டி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட என்னத்துக்குங்ணா மறைக்கோணும்? நான் கல்லையே பாக்கலீங்க. மிஸ்ட்டுல எனக்கு என்ன தெரியும்? உங்க வண்டி செகப்பு வெளக்குத்தான் தெரியும். அதைப் புடிச்சுத்தான வந்தேன். மொதல் நாள்ல இருந்தே அப்படித்தான் வர்றேன். முத்துவேலண்ணன் போற தடம் தப்பாதுன்னு."

"ம்..."

"திடீர்னு வெளக்கு வலது பக்கம் ஒதுங்குச்சு. நீங்க ஒதுங்கினா காரணம் இருக்கும்னு நானும் ஒடிச்சேன். நீங்க மறுபடி இடது பக்கம் போயிட்டீங்க. எனக்கு நேரா மேல ஏறி வர்ற பஸ்ஸு! அதுல முட்டாம இருக்கத் திருப்பினேனுங்க. செவுத்துல போயி ஏறிடுச்சு."

வார்டின் கடைசியில் யாரோ இருமினார்கள். முத்துவேலுக்கு அது எங்கோ தூரத்தில் கேட்டது.

காரணம் கல் இல்லை. நாலு நாளாகக் கல், கல் என்று எல்லோரும் ஒரு கல்லையே தேடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒருவன் நம்பி வருகிறான் என்று நினைக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்த கை அவனுடையது.

"நீங்க கல்லைப் பாத்தீங்ளாங்ணா?"

"பாத்தேன்."

"ஹாரன் அடிச்சிருக்கலாமே. இல்லீன்னா நிறுத்தியிருக்கலாம்."

"ரெண்டு மெமோ இருக்குப்பா."

ஆறுக்குட்டி தலையணையில் சாய்ந்தான். "எனக்கும் ரெண்டுதானுங்க" என்றான். 

பிறகு சட்டென்று முத்துவேலின் மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணா, இதை நீங்க வெளிய சொல்லிப்போடாதீங்க. கல்லு மேல ஏறிடுச்சுன்னு தொரைகிட்டச் சொல்லிட்டேன். முன் வண்டியை ஒட்டி வந்தேன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? எடவெளி வுடலைன்னு என் தலையிலயே கட்டிருவாங்க. ஆஸ்பத்திரிச் செலவு இல்ல, நஷ்ட ஈடு இல்ல. ஒத்தக் காலோட நான் எங்கீங்ணா போவேன்? கல்லுன்னே இருக்கட்டும்."

பங்கஜம் டீயோடு வந்தாள். அதைக் குடிக்காமல் கிளம்பினால் அவள் வருத்தப்படுவாள். முத்துவேல் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு எழுந்தான்.

பஸ் மேலே ஏற ஏற அவன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். வாயைத் திறந்தால் ஆறுக்குட்டி தெருவுக்கு வருவான். திறக்காவிட்டால் பரமசிவன், செய்ததை விடப் பெரிய குற்றத்துக்குப் பலியாவான். தான் செய்ததாகவே சொல்லிவிடலாம் என்றால் தெய்வம்மாவும் பிள்ளைகளும் லயத்தை விட்டு இறங்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் சுவரில் போய் மோதினார்கள்.

யார்டுக்குள் நுழையும்போது சங்கு இன்னும் ஊதவில்லை. ஆபீஸ் வராந்தாவில் தெய்வம்மா நின்றிருந்தாள். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது.

"நீ எங்கே இங்க?"

அவள் கதவைக் காட்டினாள்.

உள்ளே லெஸ்லியின் மேசைமேல் இரண்டு கற்கள் இருந்தன. ஒன்று நாலு நாளாக அங்கே இருப்பது. மற்றது காம்பராவின் அடுப்படியிலிருந்து வந்தது. விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஒரே அம்மியாக இருந்தன. ஒரு பக்கத்தில் மத்தியானச் சம்பல் இன்னும் ஒட்டியிருந்தது.

பரமசிவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வா முத்துவேல்" என்றார் லெஸ்லி. "இது என்னன்னு இப்பத்தான் கத்துக்கிட்டேன். அரைக்கிற கல்லாமே. உன் மச்சினன் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். நம்ப மாட்டேன்னு நினைச்சு மறுபாதியையும் தூக்கிட்டு வந்திருக்கான்."

முத்துவேல் பரமசிவனைப் பார்த்தான். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"இந்தத் துண்டு அவன் வண்டியில இருந்ததுதானா?"

"ஆமா தொரை. நான்தான் குடுத்தேன்."

"நீ ரெண்டாவதாப் போனே. ரோட்டுல இது கிடந்ததைப் பார்த்தியா?" பேனாவை எடுத்தவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தானே தொடர்ந்தார். "மிஸ்ட். பார்த்திருக்க மாட்டே. பார்த்திருந்தா நீ எடுக்காம வந்திருப்பியா?"

முத்துவேல் மேசையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். பரமசிவன் தலையை லேசாக அசைத்தான். வேண்டாம் என்று.

லெஸ்லி எழுதினார்.

"இவனுக்கு வேலை இல்லை. ஒரு வாரத்துல லயத்தை விட்டுக் கிளம்பணும். தானா வந்து சொன்னதால போலீஸ் வேண்டாம்னு எழுதறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "ஜவாப்தாரிக் கையெழுத்தை நான் பார்க்கலை. நீயும் ஞாபகப்படுத்தாதே. நாளைக்கு நீ முதல் வண்டி. ஹெட் டிரைவர் விஷயம் கோயமுத்தூருக்கு எழுதறேன்."

சாவி முத்துவேலின் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அப்போதுதான் சங்கு ஊதியது.

சின்னத் துண்டு ஆபீசிலேயே இருக்க வேண்டும் என்றார் லெஸ்லி. பெரிய துண்டை முத்துவேல் தூக்கிக்கொண்டான். பரமசிவன் முன்னால் வேகமாக நடந்து மறைந்துவிட்டான். தெய்வம்மா முத்துவேலுக்கு இணையாக மேட்டில் ஏறினாள்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"மத்தியானம் அப்படிப் பேசிட்டேன். நீங்க அவனுக்காகப் பழியத் தலையில தூக்கி வச்சிருந்தது எனக்குத் தெரியாமப் போச்சு. எந்த மாப்பிள்ளை செய்வான்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு நேரம் சரியில்லை. நீங்களாவது தப்பிச்சீங்களே."

கல் கனத்தது. முத்துவேல் கை மாற்றிக்கொண்டான்.

"நாளைக்கு உங்க பின்னால யாரு வர்றா?"

"தேவர்சோலைப் பையன் ஒருத்தன். புதுசு. இந்த ரோடு அவனுக்குப் பழக்கமில்லை."

"பழக்கமில்லாட்டி என்ன?" என்றாள் தெய்வம்மா, அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்த குரலில். "உங்க வண்டியப் பாத்துக்கிட்டே வரச் சொல்லுங்க. நீங்க போற தடத்துலயே வந்தா ஒரு ஆபத்தும் வராது."

முத்துவேல் நின்றுவிட்டான்.

அவள் கவனிக்காமல் இரண்டு மூன்று தப்படி போய்த் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க? கனமா இருக்கா?"

அவன் குனிந்து அம்மியை இறக்கினான். முதலில் பாதையிலேயே வைத்தான். பிறகு, என்ன நினைத்தானோ, இரண்டு கையாலும் அதைப் புரட்டிப் புரட்டி, யார் காலிலும் படாத மாதிரி தேயிலைச் செடியின் தூரோடு சேர்த்து ஓரமாகத் தள்ளி வைத்தான்.

கீழே ஆபீசில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு இன்னும் சாத்தவில்லை.

"நீ போ" என்றான் முத்துவேல். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் திரும்பினான். "நான் இதோ வர்றேன்."